விளி

கொரிந்துக்கு வெளியே, லாரிகள் உறங்கும் திடலில்,
நீல பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் படுத்திருந்தது நாய்.
டீசல் போடும் லாம்ப்ரோஸ்தான் பெயர் வைத்தவன்:
தியோயேனிஸ்.
இதே ஊரில் தாழிக்குள் குடியிருந்து,
கையே போதுமென்று
தண்ணீர்க் கிண்ணத்தையும் வீசியெறிந்தவனின் பெயர்.
கூப்பிடும்போது கடைசி ஸ் உதிர்ந்துவிடும்.
தியோயேனி!

ரிமான்தே லித்துவேனியாக்காரி.
ஆரஞ்சுப் பெட்டிகளோடு நாயையும் ஏற்றிக்கொண்டாள்.
நாய்க்கும் கடவுச்சீட்டு உண்டு அங்கே.
பெயர்க் கட்டத்தில் கிரேக்க எழுத்து,
கால்நடை மருத்துவரின் கோழிக் கிறுக்கலில்.

அன்கோனா துறைமுகத்தில் சீருடைக்காரர் வாசித்தார்:
தியோஜெனே.
வால் வெட்டப்பட்டிருந்தது பெயருக்கு.
நாய்க்கு இருந்தது, ஆட்டியது.

லியோனில் தியோழென்.
(நம் ழகரத்துக்குத் தூரத்து உறவுகூட இல்லாத ஒலி.
வேறு எழுத்தில்லாமல் இப்படி எழுதுகிறேன்.)

சரகோசாவில் மேசை துடைத்த பெண் துணியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"தியோஹெனெஸா? எங்கள் மூன்றாம் மாடியில் ஒருவர்
பழைய செய்தித்தாள், கம்பி ஒடிந்த குடை, காலி ஜாடிகள் என்று
கதவே திறக்காதபடி சேர்த்து வைத்திருந்தார்.
நகராட்சி ஆட்கள் இரண்டு நாள் அள்ளினார்கள்.
அந்த வியாதிக்கு இங்கே இந்தப் பெயர்தான்."
ரிமான்தே குனிந்து பார்த்தாள்.
கழுத்துப்பட்டையைக்கூட எங்கோ கழற்றிப் போட்டிருந்தது நாய்.

ட்ரெஸ்டனில் ககரம் இறுகியது: டியோகெனெஸ்.
கெதைனியாயில், அவள் வீட்டில்,
ஆண்பெயர் எதுவும் ஈறு போர்த்தாமல் வாசல் தாண்டாது.
டியோகேனஸ் என்று எழுதிப் பொத்தானும் மாட்டியாயிற்று.
விளித்தால் டியோகேனாய்.

மாசியில் ஓர் இரவு,
சுவாவ்கியைத் தாண்டி, பனி முழங்கால்வரை,
கதவு திறந்த நொடியில் அது இறங்கிப் போய்விட்டது.

தியோயேனி! என்றாள். தியோஜெனே! தியோழென்!
டியோகேனாய்! டியோகேனாய்!
பெட்ரோல் நிலையத்திலிருந்து ஓடிவந்த போலந்துப் பெண்
தன் இலக்கணப்படி டியோகெனெஷே! என்று கத்தினாள்.
பைன் மரங்கள் ஒவ்வொன்றையும் அதே உச்சரிப்பில் திருப்பித் தந்தன.
இத்தனை ஈறுகளில்
தாழிக்காரன் எதற்குத் திரும்பியிருப்பான்?
அவன் காலத்து வாயில் அந்தப் பெயர் சரியாக எப்படி ஒலித்தது என்று
பனிக்குத் தெரியாது, எனக்கும்.

விடிந்தும் டார்ச்சை அணைக்க மறந்து நடந்தாள் ரிமான்தே,
வெளுத்த பகலில் ஒரு மஞ்சள் பொட்டு முன்னே தடுமாற.
தொண்டை கட்டி, பெயர்கள் எல்லாம் தீர்ந்திருந்தன.

மரம் அறுக்கும் கொட்டகையின் பின்னால்,
தெற்குச் சுவரோரம், தூள் குவியலின் மேல்,
நான்கு காலும் நீட்டிக் கிடந்தது.
அருகே போனாள். அவள் நிழல் அதன் முகத்தில் விழுந்தது.

கண் திறக்காமல் ஒரு உறுமல்.

அவள் விலகி நின்றாள்.