நான்கு விரற்கடை

ஹல் நகரத்தில் மேடென்று காட்ட
ஒரு ரயில்வே பாலம்தான் உண்டு.
எந்தப் பக்கம் போவது என்று
தண்ணீருக்கே இங்கு குழப்பம்.

மார்ச் மாதம் பக்கத்து வீட்டு க்ளிஃபர்ட் ஆஸ்கித்
தோட்டத்தை உரித்தார்.
இரண்டு பையன்கள் புல்லைப் பாய்போல் சுருட்டி
இரும்புத் தொட்டியில் எறிந்தார்கள்.
மேலே ஹைட்ராஞ்சியா புதர்,
வேரும் மண்ணுமாக, தலைகீழாக.
பிறகு மணல். பிறகு தரையை அடித்து இறுக்கும் இயந்திரம்.
மூன்று நாள் என் அலமாரிக் கோப்பைகள்
ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருந்தன.
பிறகு சாம்பல் நிறக் கற்கள், ஊசி நுழைய இடமில்லாமல்.
"இனி புல் வெட்டும் வேலை இல்லை, லொரெய்ன்" என்றார்.
நன்றாக இருக்கிறது என்றேன்.
வேறென்ன சொல்வது.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை
இருபது நிமிட மழை.
கல்லுக்குத் தாகம் இல்லை.
வேலிக்கு அடியில் நுழைந்து
அத்தனையும் என் பக்கம் வந்தது,
ஒரு மஞ்சள் துணிக்கவ்வியையும் கூட்டிக்கொண்டு.

சுவரடியில், தரைப்பலகைக்குக் காற்றுப் போக
ஓட்டைச் செங்கல் ஒன்று உண்டு.
அதற்கும் தண்ணீருக்கும் இடையே நான்கு விரற்கடை.
பென்சிலால் கோடு போட்டேன்.
ஜூலையில் மூன்று.
செப்டம்பரில் இரண்டரை.

வெள்ளம் வந்த வருடம்
கம்பளங்களைத் தெருவில் அடுக்கிவிட்டு
பதினோரு மாதம் படுக்கையறையில் சமைத்தவள் நான்.
தலையணை உறையில்கூடத் தக்காளி சூப் வாசனை.
இப்போதும் இரவில் மழை கேட்டால்
இறங்கி வந்து
வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்க்கிறேன்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.

நகராட்சிப் படிவத்தில்
பின்தோட்டத்துக்குக் கட்டமே இல்லை.

அக்டோபரில், கொட்டும் மழையில்,
கடிதம், அளவுகோல், பதினேழு புகைப்படங்களுடன்
அவர் கதவைத் தட்டினேன்.
வரப்புத் தகராறுக்கு வந்தவள் மாதிரி
முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன்.
செருப்பு ஈரமாக, குடை இல்லாமல்,
க்ளிஃபர்ட் என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.
எதுவும் பேசாமல் விரலை உயர்த்தினார்.

என் சமையலறைக் கூரை.
அதன் குழாய்.
முழங்கை மடித்து வேலியைத் தாண்டி
அவர் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சமையலறையை நான் கட்டிப் பதினான்கு வருடம்.
பதினான்கு வருடமும் என் கூரை மழையை
அவர் புல் குடித்திருக்கிறது.
அந்த ஹைட்ராஞ்சியா
ஊரே நின்று பார்க்கும்படி பூத்தது
யார் வீட்டுத் தண்ணீரில்?

"தெரியுமா உங்களுக்கு?"
"தெரியும். புல் வாங்கிக்கொண்டது.
நான் எதற்குச் சொல்ல."

கடிதம் சட்டைப்பையில் ஊறிக் கூழானது.
குழாயைத் திருப்புவதா, கல்லைப் பெயர்ப்பதா?
கல்லுக்குக் கொடுத்த பணத்தை அவர் இரண்டு முறை சொன்னார்.
குழாய்க்காரர் கேட்கும் கூலியை நான் ஒரு முறை.
கடைசியில் பாதிப் பாதி போட்டு
பச்சை நிறப் பீப்பாய் ஒன்று வாங்கினோம்.

நேற்றைய மழையில்
நாலு மணி இருபதுக்கு அது நிரம்பிவிட்டது.
மழை நிற்கவில்லை.
அவர் ஜன்னலில் அவர், என் ஜன்னலில் நான்.
மூடியை மெல்லத் தூக்கிக்கொண்டு
விளிம்பில் வழிந்த தண்ணீர்
ஒரு கணம் தயங்கியது.
இருவரும் கழுத்தை நீட்டி
அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தோம்.