துருவத்துக்கு மேலே இரண்டு பாகை

பதிப்பு நான்கு புள்ளி இரண்டு
வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
காற்றே இல்லாமல்
உலான்கோம் நகரத்துப் புகையெல்லாம்
நட்டுவைத்த கம்பம்போல நின்றது.
அலுவலகத்தில் நானும்
மேசைக்கடியில் ஒரு மின்கணப்பும்.

வெளியீட்டுக் குறிப்பு ஒன்பது பக்கம்.
பதினாறு புதிய கோப்பு வகைகள் இனித் திறக்கும்,
பெரிய படங்கள் பாதி நேரத்தில் மாறும்,
நாற்பது பிழைகள் ஒழிந்தன.
எழுதியவர்கள் எந்த நாடு, எந்த முகம், தெரியாது.
ஒருவர் மட்டும் கடைசியில் சொல்லியிருந்தார்:
மகள் பிறந்ததால் மூன்று வாரத் தாமதம்,
பொறுத்துக்கொள்ளுங்கள்.
பொறுத்துக்கொண்டேன். நிறுவினேன்.
ஏழாம் பக்கத்தைப் படிக்கவில்லை.

ஊவ்ஸ் மாகாணத்துக் கிணறுகளை
உள்ளே கொடுத்தேன்.
பழைய ருஷ்ய வரைபடத் தாள்களிலிருந்து
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த லுவ்ஸன்
எண் எண்ணாகத் தட்டிச் சேர்த்தவை.
வாசித்தது: இருநூற்றுப் பதின்மூன்று.
எழுதியது: பூஜ்யம்.
கீழே பச்சை எழுத்தில்
பணி வெற்றிகரமாக முடிந்தது.

பூஜ்யத்தைத்தான் பார்த்தேன்.
பதின்மூன்றைப் பார்க்கவில்லை.

ஏழாம் பக்கம் சொன்னது:
இனி அச்சுகளின் வரிசை
அந்தந்த முறை வகுத்தபடி
மதிக்கப்படும்.

மதிப்பு நல்லதுதான்.
ஆனால் எங்கள் கோப்பில்
தீர்க்கரேகை முன்னால், அட்சரேகை பின்னால்.
தொண்ணூற்றிரண்டு, அப்புறம் நாற்பத்தொன்பது.
மென்பொருள் தொண்ணூற்றிரண்டை
அட்சரேகை என்று எடுத்துக்கொண்டது.

பூமி தொண்ணூறில் முடிகிறது.
துருவத்தின் உச்சியில் ஏறி நின்று
அதற்கும் மேலே இரண்டு பாகை:
அங்கே பனி இல்லை, கரடி இல்லை,
அங்கே என்பதே இல்லை.
என் மாகாணத்து ஆடுகள்
சனியும் ஞாயிறும்
அங்கேதான் தண்ணீருக்கு நின்றன.

திங்கள் காலை கோதோவ் வந்தான்,
லாரியில் எட்டு பம்புகளோடு.
எஞ்சினை அணைக்கவில்லை; அணைத்தால் டீசல் உறையும்.
எந்தக் கிணறு, பட்டியல் கொடு, செவெல்மா, என்றான்.
இரு, என்றேன்.
கட்டளையின் வாலில் ஒரு சொல் சேர்த்தேன்:
பழைய வரிசையே போதும்.

கிணறுகள் இறங்கி வந்தன.
ஏரிக்கரைக்கு, மணல்மேட்டுக்கு, சரிவுகளுக்கு,
ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு.
இருநூற்றுப் பதின்மூன்று.

பதினொரு வருடமாக
இருநூற்றுப் பன்னிரண்டுதான்.

தேடினேன். நூற்று எழுபத்தாறாம் வரி.
ஒன்தொர் ஹுதக், உயரக் கிணறு.
வயிற்றில் கோடு போட்ட ஓ,
ருஷ்யர்களிடம் இல்லாத எங்கள் எழுத்து.
மற்ற பெயர்களில் லுவ்ஸன்
வெறும் ஓ போட்டுச் சமாளித்திருந்தார்.
இந்த ஒன்றில் மட்டும், ஏனோ,
சரியாக எழுதியிருந்தார்.
சரியாக எழுதியதால்
பழைய பதிப்புகளுக்கு அந்த வரி தெரியவில்லை.
ஆறாம் பக்கத்தில் அரை வரி:
சில எழுத்துகளால் பதிவுகள் விடுபட்டது திருத்தப்பட்டது.

புந்த்ஸகின் கூடாரம் அதன் பக்கம்தான்.
கூப்பிட்டேன். உங்கள் கிணறு கிடைத்துவிட்டது, என்றேன்.
எங்கே போயிருந்தது, என்றாள்.
நேற்றுகூடக் கயிறு போட்டு இறைத்தோமே,
பம்பு போய் ஒன்பது வருடம்,
மூன்று மனு கொடுத்தேன்,
அப்படியொரு கிணறே இல்லை என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதங்களில் ஒன்று
என் கையெழுத்து.

சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
அவள் கேட்டாள்:
வரைபடத்தில் வந்துவிட்டால்
தண்ணீருக்கு வரி உண்டா?

ஒன்பது பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.
கீழே கோதோவ் ஹாரன் அடித்தான்.
அவன் பட்டியலில் எட்டுப் பேர் இருந்தார்கள்.
கையாலேயே ஒன்பதாவதை எழுதினேன்,
ஓ-வின் வயிற்றில்
கோட்டை அழுத்திப் போட்டு.
லாரியில் பம்பு எட்டுதான்.