கீலில் ஐம்பத்தொன்பது

பர்மா பஜாரில் எண்கள் கூசாமல் பொய் சொல்லும்.
உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றின் நெற்றியில்
தொள்ளாயிரம் பெருக்கல் தொள்ளாயிரம்.
அது நிஜமானால்
நிலவில் யாரோ விட்டுப்போன செருப்பின்
வார்கூடத் தெரியவேண்டும்.
நான் லிஃப்ட் மெக்கானிக்.
எட்டுப் பேர் என்று எழுதிவைத்துவிட்டு
ஐந்து பேருக்கே முனகும் பெட்டிகளை
இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

நைனார் முகமது சிவப்புக் கண்ணாடி போட்டதைக் காட்டினார்.
"நைட் விஷன் சார்."
இரவைப் பார்க்கப் போகிறவன்
வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும்
வாசலிலேயே ஏன் திருப்பி அனுப்பவேண்டும்?
அடுத்து ஜூம்.
அசையும் பாகம் கூடினால் பழுது கூடும்,
என் பிழைப்பே அதுதான், வேண்டாம் பாய்.

இருபது-எண்பது ஒன்று இருந்தது.
இரண்டேகால் கிலோ, விலையும் அதற்கேற்ற கனம்.
தூக்கிப் பிடித்தேன்.
என் நாடித்துடிப்பு
துறைமுகத்தையே ஆட்டியது.

தெர்மாகோல் துகள் ஒட்டிக்கொண்டு
கீழ்த்தட்டில் கிடந்தது பதினைந்து-எழுபது.
முகத்திலிருந்து தள்ளி வெளிச்சத்துக்குக் காட்டினேன்.
பின்கண்ணாடியில் வட்டம் வட்டமாகவே இருந்தது,
ஓரம் சதுரமாக வெட்டுப்படவில்லை. நல்லது.
ரயில் கம்பிகளுக்கு மேலாக ஒரு கிரேனைப் பார்த்தேன்.
இரண்டு கிரேன்.
"இரட்டையா தெரியுதே பாய்."
அவர் கோபிக்காமல் இன்னொரு பெட்டியைப் பிரித்தார்.
இதில் ஒரே கிரேன்.
உச்சியில் ஒரு காக்கை,
அதன் வாயில் கட்டுக்கம்பி.

ஏழாயிரத்து இருநூறு என்றார். ஐந்து என்றேன்.
நடுவே ஒரு டீ. ஆறில் முடிந்தது.
கல்யாண வீடியோ எடுப்பதை விட்டுவிட்ட கீர்த்திவாசனிடம்
மூன்று கால் ஸ்டாண்ட், நானூறு.
ஒரு கால் கொஞ்சம் வழுக்கும்,
அட்டை மடித்துச் செருகிக்கொள்ளலாம்.

"இத்தனை பெருசா?" என்றாள் தமயந்தி.
விலையைக் கேட்கவில்லை.
கேட்காததுதான் உறுத்தியது.

மழை கழுவிவிட்டுப் போன ஒரு ராத்திரி
திருவொற்றியூர் மொட்டைமாடி.
வியாழனைப் பிடித்தேன்.
பக்கத்தில் நான்கு பொடிப் புள்ளிகள்
நூல் பிடித்தமாதிரி ஒரே வரிசையில்.
கார்த்திகையில் எங்கள் தெருவிளக்குக்கு மிஞ்சி
வெறுங்கண்ணுக்கு நாலு பேர்தான் தெரிவார்கள்.
இதில் ஆறு பேரும் வந்தார்கள்,
சொந்தபந்தத்தோடு.
முப்பத்தெட்டு வரை எண்ணி, கணக்குத் தப்பி,
தமயந்தியைக் கூப்பிட்டேன்.

என் கண்களுக்கு நடுவே அறுபத்தாறு மில்லிமீட்டர்.
அவளுக்காகக் குழல்களை நெருக்கி நெருக்கி
கீலில் ஐம்பத்தொன்பதில் நிறுத்தினேன்.
இத்தனை வருடத்தில்
அவள் முகத்தில் நான் அளந்தெடுத்த ஒரே அளவு.
குனிந்து பார்த்தாள்.
"கழுத்து வலிக்குது" என்று இறங்கிப் போனாள்.
அறுபத்தாறுக்கே விரித்துக்கொண்டேன்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும்.
மோட்டார் போட விடியுமுன் ஏறியவன்
சும்மா ஒரு பார்வை என்று பெட்டியைத் திறந்தேன்.
கீல் ஐம்பத்தொன்பதில் நின்றது.
ஸ்டாண்டின் கால்கள் ஒரு சாண் இறங்கியிருந்தன.
அதன் தலை வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கவில்லை,
மட்டம் பார்த்த மாதிரி நேராக,
நான் முடுக்குவதைவிட இறுக்கமாக
முடுக்கப்பட்டிருந்தது.
செருகியிருந்த என் அட்டைக்குப் பதில்
பழைய ரப்பர் வளையம், குக்கருடையது.
இப்போது கால் வழுக்கவே இல்லை.

எதையும் மாற்றாமல் மாட்டி
முதுகை வளைத்து
அவள் உயரத்துக்கு இறங்கினேன்.
அவள் இடைவெளியில் எனக்கு
இரண்டு பக்கமும் இருட்டு கடித்த கடல்.
நங்கூரமிட்ட கப்பல்கள் ஏழோ எட்டோ.
ஒன்றின் மேல்தளத்தில்
யாரோ உதறி உதறி எதையோ காயப்போட்டார்கள்.
இதையா? வலப்பக்கக் கப்பலையா?
கப்பல்களே இல்லாத அந்த நீளமான கறுப்பையா?
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே இரண்டாம் மாடியிலிருந்து
"யாருப்பா மேல, தண்ணி வரலை" என்று சத்தம்.