முதல் கார்னெட் இல்லை

மூலக்கொத்தளத்தில் ஒரு சாவை இறக்கிவிட்டு
சிவப்புக் கோட்டைக் கழற்றாமல் நேரே வந்தேன்.
"அதை வெளியில வை" என்றாள் ஹில்டா பின்டோ.
அது என்றால் என் சூஸாபோன்.
வேப்பமரக் கிளையில் மாட்டினேன்.
ஒரு காகம் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

பெரம்பூர் ரயில்வே மன்றம்,
கேரம் கூடத்துக்குப் பின்னே பச்சைக் கதவு.
செவ்வாய், வெள்ளி, நாலிலிருந்து ஆறு.
பதினோரு இரும்பு அலமாரி நிறைய
பேண்டு கோஷ்டிகளுக்கான இசைத்தாள்:
மார்ச், போல்கா, வால்ட்ஸ், இழவு.
பெயர் சொன்னால் கிடைக்காது, எண் வேண்டும்.
எண்ணுக்கு அட்டை பார்க்க வேண்டும்.
அட்டையைப் பூச்சி தின்றிருந்தால்
ஹில்டாவிடம் முனகிக் காட்ட வேண்டும்.

முனக என்னிடம் எதுவும் இல்லை.
"ராயபுரத்துல கல்யாணம்.
யாரும் கேட்டிராத வால்ட்ஸ் வேணுமாம்."
ஏணி வைத்து ஏறினாள்.
நானூற்றுப் பதினேழு.
தட்டியதில் தும்மினாள், இரண்டு முறை.
"எண்பத்தொன்பதுக்கப்புறம் யாரும் எடுக்கல.
எத்தனை பேரு நீங்க?"
பதினொன்று என்றேன். சம்பளம் நின்றால் ஏழு.
விரலை நனைத்து எண்ணினாள்:
பதினாலு தாள், பதிமூணு இருக்கு.
ரேஷன் அட்டை நகல், இருநூறு ரூபாய்,
பென்சில் மட்டும், பேனா ஆகாது.

புளியந்தோப்பு மொட்டை மாடியில் பிரித்தோம்.
என் தாளில் ஒரு சுரம், இரண்டு சும்மா.
ஒரு சுரம், இரண்டு சும்மா.
ஹார்ன்காரர்களுக்கு நான் சும்மா இருக்கும் இடங்கள்.
கிளாரினெட்டுக்கு ஓரத்தில் கொஞ்சம் சரிகை.
மூன்று நாள் ஊதினோம்.
நான்காம் நாள் கீழ்வீட்டுப் பொன்னுரங்கம்
படியேறி வந்து கேட்டார்:
"எல்லாம் சரி, பாட்டு எப்போ வரும்?"

இல்லாத தாள்தான் பாட்டு.
அட்டையைப் புரட்டினேன்:
முதல் கார்னெட், எம். தவசீலன், காசிமேடு.
மார்ச் பதினொன்று, எண்பத்தொன்பது.
திரும்பிய தேதிக் கட்டம் வெறுமை.

விடியுமுன் போனால் ஒவ்வொரு சந்திலும்
ஒரு தவசீலன் இருந்தான்.
ஒருவன் சங்கச் செயலாளர்.
ஒருவனுக்கு நான் கடன்காரன் ஆள் என்று தோன்றியிருக்க வேண்டும்,
பின்வழியாகப் போய்விட்டான்.
மூன்றாமவர் செத்துப் பன்னிரண்டு வருடம்.
மகள் புஷ்பகாந்தி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்.
"பேப்பரா? மீன் மடிச்சிருப்பாங்க."
சொல்லிவிட்டு, போய்க்கொண்டிருந்த வண்டிக்காரனை
நாக்கடியில் இரண்டு விரல் வைத்துக் கூப்பிட்டாள்.

விசில் ஏறியது, வளைந்தது,
நின்று, இன்னொரு படி ஏறியது.
என் கால் தன்னால் தட்டியது:
ஒரு சுரம், இரண்டு சும்மா.

"அது இன்னா பாட்டு?"
"பாட்டெல்லாம் இல்ல. அப்பா என்னைக் கூப்பிடுற விசிலு."
இன்னொரு தரம் என்றேன்.
முறைத்தாள். அடித்தாள்.
ஐஸ் ரசீதின் பின்பக்கம் ஐந்து கோடு இழுத்து
எழுதிக்கொண்டேன், நாலு பார்.
அதற்குள் வண்டிக்காரன் திரும்பி வந்து
எதுக்குக் கூப்ட்டே என்று சண்டை போட்டான்.

கல்யாணத்தில் அந்த நாலு பாரையே
திரும்பத் திரும்ப ஊதினோம்.
மாப்பிள்ளை காலை மிதித்தான், பெண் சிரித்தாள்,
பிரியாணிப் பந்தி போட்டார்கள்.
வாடகைக்கு நாற்காலி போட வந்த பொன்னுரங்கம் மட்டும்
"வந்துடுச்சு, ஆனா போக மாட்டேங்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை திருப்பினேன்.
பதிமூணு எண்ணியவள் ரசீதை முகர்ந்து
மூக்கைச் சுளித்தாள்.
நாளுக்குப் பத்து பைசா என்று
தவசீலன் கணக்கைக் கூட்டத் தொடங்கி
ஆயிரத்தைத் தாண்டியதும் பென்சிலைக் கீழே வைத்தாள்.
பிறகு அதே பென்சிலால் அட்டையில்,
பூச்சி விட்டுவைத்த இடத்தில்:

முதல் கார்னெட், நாலு பார் மட்டும்.
மீதிக்கு காசிமேடு, ஐஸ் கடை, புஷ்பகாந்தி.
காலை ஐந்துக்குள்.