தேன் பதம்

தண்ணீர்தான் மோசம் என்றார் மிஸ் சுக் லிங்.
சோற்றை விட, ரொட்டியை விட
தண்ணீர்.
அது காத்திருக்காது;
தொண்டை கதவைச் சாத்துமுன்
போகக் கூடாத குழாயில் ஓடிவிடும்.

பாயான் லெப்பாசில் பைப் பொருத்துகிறவன் நான்.
சட்டென்று விளங்கியது: வால்வு பிந்துகிறது.

செவ்வாய்க்கிழமை, ஒன்பதரை,
பெரியாஸ்பத்திரி இரண்டாம் மாடி.
குட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து
மோவாயைத் தாழ்த்துகிறான் ருவேந்திரன்.
ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல்
கழுத்தில் வைக்கிறார்.
"முலுங்கு."
தமிழில் அவர் கற்ற முதல் சொல்.
நான் திருத்தவில்லை,
எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஒருநாள் காதுக்குழாயை என்னிடம் தந்தார்.
சின்னதாய் ஒரு 'க்ளக்',
பிறகு மூச்சு.
மெயின் வால்வைத் திறந்துவிட்டு
சுவரில் காது வைத்து நிற்பேனே,
அப்படியே நின்றேன்.

மாவை அளந்து போட்டு, கலக்கி,
ஐந்து நிமிடம் விட வேண்டும்.
"தேன் மாதிரி" என்று அவர் மலாயில் சொல்ல
வசந்தமலர் கரண்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.
அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவள்,
கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் விரலுக்கே தெரியும்.
பச்சைத் தண்ணீருக்குப் பதம் பார்ப்பது
இதுதான் முதல் தடவை.

புரையேறினால்
"யாரோ நினைக்கிறாங்க" என்பார் பக்கத்து வீட்டுக்கார அக்கா.
அப்படியானால் போன வருஷம்
பட்டர்வொர்த் வரைக்கும் இவனை நினைத்திருக்கிறார்கள்.
ஜூனில் நிமோனியா. ஆகஸ்டில் மறுபடியும்.
போதும்.
கொஞ்சம் மறந்திருங்கள்.

"கா சொல்லு. காக்கா."
அடிநாக்கு எழும்பணுமாம்,
விழுங்கவும் அதே நாக்குதான்.
அவனுக்கு வருவது 'தா'.
காக்கா தாத்தா ஆகிவிடுகிறது.
ஏர்கோன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த தாத்தா
கத்திவிட்டுப் பறந்துபோகிறார்.
நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று
மிஸ் சுக் லிங்குக்கு விளங்கவில்லை.

தைப்பூசத்தன்று
ஜாலான் உத்தாமா முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்.
ரோஸ் சிரப் கப்பை நீட்டிய பையன்
நான் சட்டைப்பையிலிருந்து பொட்டலம் பிரிப்பதைப் பார்த்து
"என்னாண்ணே, விபூதியா?" என்றான்.
"இல்லப்பா, மாவு."

ஐந்து நிமிடம்.
உறுமி கடந்தது. ஒரு காவடி கடந்தது.
இவன் எதையும் பார்க்கவில்லை,
கப்பைத் தவிர.

ஒரு கரண்டி. மோவாய் கீழே.
இன்னொன்று.
மூன்றாவதில் பாதி சட்டைக்குப் போனது.
அந்தச் சத்தத்தில் 'க்ளக்' எங்கே கேட்கும்?
கழுத்தில் விரல் வைத்தேன்:
ஏறியது,
இறங்கியது.

வாயைத் துடைக்கப் போன கையைத் தள்ளிவிட்டு
"தா" என்றான்.

இதில் திருத்த ஒன்றுமில்லை.