ஓல்ட்டன், மூன்று இரவுகள்

உள்ளங்கை அகலம்.
பேர்ணில் ஒரு பெடியனிடம் எண்பது பிராங்குக்கு வாங்கினேன்.
"ஓடும் அக்கா" என்றான்.
ஓடவில்லை.

முதல் இரவு போன் சார்ஜரில் செருகினேன்.
விழித்தது, ஐந்து எண்ணுவதற்குள் செத்தது,
திரும்ப விழித்தது.
வோல்ட் சரி, அம்பியர் போதாது.
பசியைப் பழுதென்று நினைத்து
விடியும்வரை திட்டியிருக்கிறேன்.

இரண்டாம் இரவு வைஃபை.
மகன் எங்கள் இணைப்புக்கு வைத்த பெயர்
ஜெர்மனில் சமையலறை:
தலையில் இரண்டு புள்ளி சுமந்த ஒரு யூ.
பெட்டிக்கு அந்தப் புள்ளிகள் விளங்கவில்லை.
எனக்கும் விளங்கப் பதினொரு வருடம் எடுத்தது.
குசினி என்று மாற்றினேன்.
உடனே ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் இரவு எழுபத்தெட்டு பாகை.
வெப்பத்தகட்டைக் கழற்றினால்
சட்டி விளிம்பில் காய்ந்த கஞ்சி மாதிரிப் பசை.
ஸ்பிரிட்டில் சிப்பைத் துடைத்து
கடலையளவு புதுப்பசை வைத்து
திருகாணிகளை மூலைக்கு மூலை இறுக்கினேன்.
ஐம்பத்தொன்பது.

கீழ்வீட்டு ட்ஸ்பிண்டன் அம்மா மணியடித்தார்.
பத்து மணிக்குப் பிறகு இதென்ன இரைச்சல், தேனீ வளர்க்கிறீர்களா?
லொத்தர் என்றேன்.
எப்போது விழும்?
சராசரி பல ஆயிரம் வருடம்.
நாற்பது வருடமாய்ப் போடுகிறேன் நானும், என்று
செருப்பு சரசரக்க இறங்கிப்போனார்.

இப்போது அது பல்கனியில், சப்பாத்துப் பெட்டிக்குள்.
ஆரே ஆற்றின் புகாரை விசிறி இழுத்து
சூடாக்கித் திருப்பிக் கொடுக்கிறது.

நாலு மணி வேலைக்குக் கிளம்பும்போது திரையைப் பார்த்தேன்.
இதுவரை எட்டிய உச்சம் நாற்பத்தொரு மில்லியன்.
எட்டவேண்டியதை எழுத இந்தத் திரை காணாது.
இருந்தாலும் கதவருகே நின்று சொன்னேன்:
"நாப்பத்தொரு மில்லியன்."

"பிராங்கா?" என்று
போர்வையோடு எழும்பி இருந்தான் மகன்.