எண்பத்தாறில் கொதிக்கும் ஊர்

மூன்றாம் நாளாக இன்றும்
விடியலில் பேட்டரி செத்துக் கிடந்தது.
எல் ஆல்டோவின் குளிரில்
மினிபஸ்ஸைத் தள்ள நாலு பேரை எழுப்பினேன்.
நாலாமவன் செருப்புகூடப் போடாமல் வந்தான்.

இரவு சாவியை உருவிய பிறகும்
முன்னால் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது,
போன முதலாளி திரும்பி வருவாரோ என்று பயந்தவன்போல.
ரேடியேட்டரைத் தொட்டேன், பனிக்கட்டி.
எஞ்சினைத் தொட்டேன், விரல் வெந்தது.

"தெர்மோஸ்டாட் போச்சு அண்ணி"
என்றான் கொழுந்தன் செனோபியோ.
ஞாயிற்றுச் சந்தையில் அதை வாங்கி வந்தவனும் அவன்தான்.
அடுப்பில் தண்ணீர் வைத்து, கம்பியில் கட்டி இறக்கினான்.
தண்ணீர் தளதளவென்று கொதித்தது.
பித்தளை வாய் திறக்கவில்லை.
பத்து நிமிடம்.
திறக்கவே இல்லை.
குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு
விற்றவளின் ஏழு தலைமுறையையும் திட்டினான்.

பொறுக்கித் துடைத்தேன்.
விளிம்பில் எறும்புபோல ஓர் எண்: 88.

செனோபியோ,
இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர்
எண்பத்தாறிலேயே கொதித்துவிடும்.
கொதிப்பது இங்கே சுலபம்,
வேவதுதான் கஷ்டம்.
நம் உருளைக்கிழங்கைக் கேள்.

குக்கரை எடுத்தேன்.
பித்தளை வாயிடுக்கில் நூலைக் கவ்வவிட்டு
உள்ளே குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டு மூடினேன்.
இருவரும் காதைத் தீட்டி நின்றோம்.
ஆவி சீறிக் கொஞ்ச நேரத்தில்
உள்ளே ஒரு 'டங்'.
வாய் திறந்து, நூல் நழுவி, விழுந்துவிட்டது.
அது தேறியது. பரீட்சை வைத்தவன்தான் தேறவில்லை.
(வாரம் முழுக்கச் சூப்பில் பித்தளை வாசம்.)

அப்படியானால் யார்?

விசிறி சுவிட்சைக் கழற்றினேன்.
நெற்றியில் அச்சு: 87–82.
எண்பத்தேழில் விசிறியை எழுப்பும்,
எண்பத்திரண்டு ஆனால்தான் உறங்கவிடும்.
எண்பத்தெட்டுக்குக் கீழேயோ கதவு சாத்தியிருக்கும்.
சூடு உள்ளே,
காற்று வெளியே.
"போன கார்னிவலில்
இர்மா வீட்டு வாசலில் விடிய விடிய
நீ பேசிக்கொண்டு நின்றாயே, அதுபோல" என்றேன்.
அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமைச் சந்தையில்
95–90 ஒன்று கிடைத்தது.
நாற்பது பொலிவியானோ சொன்னாள்,
முப்பத்திரண்டுக்குத் தந்தாள்.

லா பாஸிலிருந்து ஏற்றம்.
செஹாவில் நெரிசல், பதினான்கு பேர்,
ஒருத்தி மடியில் கூடை நிறையக் கோழிக்குஞ்சு.
ஊசி மெல்ல நடுவைத் தாண்டியது.
விசிறி எழுந்தது.
வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன்.
அறுபது. எண்பது. நூறு.
நூற்றிப் பதினொன்றில்
அந்த இரைச்சல் அடங்கியது.
குஞ்சுகளின் கீச்சு தெளிவாகக் கேட்டது.

"நின்னுடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

அதற்குள் பாதிப் பேர்
மூட்டையைத் தூக்கிக்கொண்டு
இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.